பின்பக்கம் வரைகிறவன்

எங்க ஆபீசுல நான் பின்பக்கம் போடுகிற ஆள். தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற இன்டீரியர் கம்பெனி அது. ஓட்டல், நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று வேலை வரும். முன்பக்கத்தை ஆர்க்கிடெக்டுகள் வரைவார்கள். வாசல், வெளிச்சம், தரை, சுவரில் மாட்டுகிற படம் எல்லாம் அவங்க கை. கக்கூஸ், சாக்கடை, குப்பை ரூம், ஏசி டக்ட், பாத்திரம் கழுவுற இடம், வேலையாட்கள் வந்து போகிற வழி இதெல்லாம் என் கை. யாரும் உட்கார்ந்து யோசிச்சு இப்படிப் பிரிக்கலை. தரமணியில் சிவில் டிப்ளமா முடிச்சு, மயிலாப்பூர் பல்லக்குமாநகரிலிருந்து பஸ் ஏறி, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேசைக்கு வந்த டிராயிங் ஒரு கக்கூஸ்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இன்னும் அதேதான். ஆனால் இந்த இருபது வருஷத்தில் ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன். ஒரு கட்டடம் யாரை என்னவாக நினைக்குதுன்னு தெரியணும்னா அதோட பின்பக்க வரைபடத்தைத்தான் பார்க்கணும்.

2023 தீபாவளி முடிஞ்ச சமயம் ஒரு வேலை வந்தது. அண்ணா சாலையை ஒட்டி ஒரு ஸ்டார் ஓட்டல். அதன் வளாகத்துக்குள்ளேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கல் கட்டடம் பூட்டிக் கிடந்தது. அதுக்குள்ளே புது மாதிரியாக ஒரு காக்டெயில் பார் அமைக்கணும். வெளிநாட்டில் பழைய சர்ச், பழைய கிடங்கு, பழைய பாங்கு இதையெல்லாம் இப்படி மாத்துறாங்களாம். நம்ம ஊரில் அது அவ்வளவு லேசில்லை. தமிழ்நாட்டில் நினைச்சவன் நினைச்ச இடத்தில் பார் திறக்க முடியாது. கிளப்புக்கு எப்.எல்.2, ஸ்டார் ஓட்டலுக்கு எப்.எல்.3 என்று லைசென்சு. மத்த எல்லாருக்கும் டாஸ்மாக். 2003 நவம்பர் மாசத்திலிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில். அதனால் எங்க சனங்க குடிக்கிற இடத்துக்கு டிசைன் கிடையாது. தகர ஷீட்டு, பிளாஸ்டிக் டம்ளர், மூத்திர வாடை. அதே அரசாங்கத்தின் அதே சட்டத்துக்குள்ளேதான் இன்னொரு பக்கம் கல் மண்டபமும் இத்தாலி விளக்கும். அந்த பாரில் ஒரு கிளாசுக்கு அவங்க போட்டிருந்த உத்தேச விலை, அங்கே வேலை செய்த எங்க கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்குச் சமமாக இருந்தது.

குடியைப் பத்தி நான் இங்கே பிரசங்கம் பண்ணப் போறதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் பஞ்சசீலம் பேசின ராயப்பேட்டை அந்தக் கட்டடத்திலிருந்து நடந்துபோற தூரம்தான். அதை அவர் சொன்னதோடு நிறுத்திக்கிறேன்.

கல் கட்டடம் என்று சொல்லிட்டேன். மெட்ராசில் முழுக்கக் கல்லில் கட்டினது குறைவு. வெள்ளைக்காரன் கட்டினதில் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கிளிஞ்சலைச் சுட்டு, அரைச்சு, மேலே மேலே பூசித் தேய்ச்சு பளிங்கு மாதிரி ஆக்கிவிடுவாங்க. அந்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து வெளியூர் துரைங்க சலவைக்கல்லுன்னே ஏமாந்திருக்காங்க. நாங்க எடுத்த கட்டடத்தில் கீழ்த்தளம் மட்டும் கருங்கல். தூண், வாசப்படி, இரண்டடி கனத்தில் சுவர். மேல்மாடி செங்கல்.

அந்தக் கருங்கல் எந்த ஊர்க் கல்லுன்னு எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்க ஆயா பல்லாவரம் மலையில் சல்லி உடைச்சவங்க. சைக்கிள் டியூபை வளையமா வெட்டி, அதுக்குள்ளே கல்லை நிறுத்தி, சுத்தியால் ஒரே போடு. வளையம் இருந்தால் கல் தெறிக்காது. தெறிக்கும். ஆயாவுக்கு வலது கண்ணில் பார்வை பாதிதான். அந்த மலைக் கல்லுக்குப் படிச்சவங்க ஒரு பேர் வெச்சிருக்காங்க, சார்னோகைட்டு. கல்கத்தாவை உண்டாக்கினதாகச் சொல்லப்படுகிற ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரனுக்குக் கல்கத்தாவில் சமாதி இருக்கிறது. அந்தச் சமாதிக் கல் நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்கிற நிலவியல்காரர் அதைப் பார்த்துவிட்டு, செத்தவன் பேரையே கல்லுக்கு வெச்சார். உலகம் பூரா இப்போ அந்த வகைக் கல்லுக்கு அதுதான் பேர். மலையை உடைச்சவங்க பேர் சமாதியிலும் இல்லை, புத்தகத்திலும் இல்லை. சைட்டில் அந்தத் தூணைக் காட்டி எங்க ஆர்க்கிடெக்ட் மேடம் “இந்தக் கல்லுக்கு ஒரு கதை இருக்கணும்” என்றாங்க. இருக்குன்னு சொன்னேன்.

வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்துக்குள்ளே புதுசா ஒண்ணை நுழைக்கிறது சவாலான காரியம். மேல்தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்துக்கு மேல் மெல்லிசான செங்கல்லைச் சாய்வா நெட்டுக்குத்தா நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதுக்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டது. அந்தக் கூரையிலிருந்து எதையும் தொங்கவிடக் கூடாது. மேடத்துக்கு பாட்டில் ராக்கு கூரையிலிருந்து அந்தரத்தில் தொங்கணும். முடியாதுன்னு சொல்லி, தரையிலிருந்தே எழும்புகிற இரும்புச் சட்டம் போட்டோம். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல் தனியா நிற்கும். நாளைக்கு பார் போய் வேற ஏதாவது வந்தால் கழட்டிக்கிட்டுப் போகலாம், கல்லுக்குக் காயம் இருக்காது.

சுவரில் முன்னாடி யாரோ சிமெண்டுப் பூச்சு பூசி, அதுக்கு மேல் பெயிண்டு அடிச்சிருந்தாங்க. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடுகிற சுவர். சிமெண்டால் அடைச்சால் உள்ளே ஏறின ஈரம் வெளியே வர வழி இல்லாமல் உப்பு பூத்துவிடும். அதைச் சுரண்டி எடுக்கவே ஒன்றரை மாசம் ஆச்சு. அப்புறம் கடுக்காயும் வெல்லமும் ஊற வெச்ச தண்ணியில் சுண்ணாம்பு குழைச்சுப் பூசினோம். அந்த வேலை தெரிஞ்ச ஆளுங்க இப்போ ரொம்பக் கம்மி. வந்தவங்க பாதிப்பேர் சொந்தக்காரங்க மாதிரி, ஊர் பேரைக் கேட்டதுமே நானும் அவங்களும் யார் என்னன்னு புரிஞ்சுகிட்டோம். ஏசி இன்னொரு தலைவலி. மெட்ராஸ் காத்து ஈரக் காத்து. குளிர்ந்த கல்லில் அது பட்டால் சுவர் வியர்த்துக் கொட்டும். குளிர்காத்து நேராகச் சுவரில் அடிக்காத மாதிரி டக்டைத் திருப்பணும். கல் ரூமில் நாலு பேர் பேசினால் நாற்பது பேர் பேசின மாதிரி எதிரொலிக்கும். மேசைக்கு அடியிலும் நாற்காலிக்கு அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கம்பளித் துணி ஒட்டினோம்.

கவுண்டர் உயரம் 1,100 மில்லிமீட்டர், மூணரை அடிக்குக் கொஞ்சம் மேல். அதுக்குப் பின்னால் பார்மேன் நிற்கிற இடம் 900 மில்லிமீட்டர் அகலம். அதுக்குக் குறைஞ்சால் இரண்டு பேர் முதுகு முட்டும், கூடினால் பாட்டில் எடுக்க ஒரு எட்டு அதிகமாக நடக்கணும். எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு அந்த ஒரு எட்டு ராத்திரிக்கு முழங்காலில் தெரியும். ஐஸ் தொட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில், தரையில் தண்ணி வடிய ஜாலி, காலுக்கு ரப்பர் மெத்தை. இதையெல்லாம் நான் கவனிச்சுப் போட்டேன். நிற்கப் போகிற பையன்கள் எந்தத் தெருவிலிருந்து வருவாங்கன்னு எனக்குத் தெரியும்.

எப்போதுமே அங்கிருந்துதான் வந்தாங்க. இந்த ஊரில் வெள்ளைக்காரனுக்கு ஊத்திக் கொடுத்த கை யாருடைய கை? மாட்டுக்கறியையும் சாராயத்தையும் தொட்டால் தீட்டுன்னு சாதி இந்துக்கள் ஒதுங்கின இடத்தில் சமையக்காரனா, பட்லரா, பேரராப் போய் நின்னது பெரும்பாலும் எங்க ஆளுங்கதான். அவங்க பேசின இங்கிலீசுக்குப் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பேர் வெச்சு இன்னிக்கு வரைக்கும் சிரிக்கிறாங்க. அந்த பட்லர்களில் ஒருத்தர்தான் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன். ஆரிங்டன் துரையிடம் பட்லர். அவரிடமிருந்துதான் திருக்குறள் ஏடு எல்லிஸ் துரையின் கைக்குப் போய், அச்சுக்குப் போனதாகப் பண்டிதரே எழுதியிருக்கிறார். ட்ரே தூக்கின கையில் குறள் இருந்திருக்கிறது.

1832இல் தொடங்கின மெட்ராஸ் கிளப்பில் இருந்த பார் இந்தியாவிலேயே நீளமானது என்று பழைய மெட்ராசைப் பத்தி எழுதுகிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்தியன் மெம்பர் ஆக முடியாது. ஆனால் அவ்வளவு நீளக் கவுண்டரின் இந்தப் பக்கம் பூராவும் இந்தியன்தான் நின்னிருக்கிறான். அந்த இடத்தில் இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் இருக்கிறது. கிளப், அடையாறு ஆத்தங்கரையில் மோப்ரேயின் குவிமாட மாளிகையில் இருந்த அடையாறு கிளப்போடு 1963இல் சேர்ந்து அங்கே போய்விட்டது. நிறத்தடை போச்சு. யார் உள்ளே போனாங்க, எங்க தெருவிலிருந்து எத்தனை பேர் மெம்பரா போனாங்க என்கிற கேள்விக்கு வாசகத் தோழர்கள் தாங்களே பதில் சொல்லிக்கலாம்.

கன்னிமரா ஓட்டலை எடுத்துக்குங்க. 1854இல் இம்பீரியல் ஓட்டலாகத் தொடங்கி, ஆல்பனியாகி, 1890இல் அப்போதைய கவர்னர் கன்னிமரா பிரபுவின் பேரை எடுத்துக்கொண்டது. 1970களில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா அதைப் புதுப்பித்தார். 2018இல் மறுபடி புதுப்பித்துத் திறந்தபோது அங்கே அமைஞ்ச பாருக்கு ‘லேடி கன்னிமரா’ என்று பேர். புருஷனின் கொடுமை தாங்காமல் 1890இல் விவாகரத்து வாங்கின கவர்னர் மனைவி. நல்ல பேர்தான், ஒரு பெண்ணின் பேர், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பழசை நினைவு வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணினால் நினைவு கவர்னர் வீட்டு முன்ஹாலோடு நின்னுடுது. பின்கட்டு வரைக்கும் வர்றதில்லை.

இன்னொண்ணு சொல்லாமல் இருக்க முடியலை. ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் 2002இல் திறந்த பார்க் ஓட்டலில் ஒரு பாருக்குப் பேர் ‘லெதர் பார்’. தரை, சுவர் எல்லாம் தோல். லெதர்னு இங்கிலீசில் சொன்னால் வாசனை. தோல்னு தமிழில் சொல்லி, அதைப் பதப்படுத்தினவன் குடியிருக்கிற தெருவைக் காட்டினால் மூக்கைப் பிடிச்சுக்குவாங்க.

எங்க கட்டடத்துக்கு வருவோம். அதன் பின்சுவரில் வெளியே ஒரு இரும்புச் சுழல் படிக்கட்டு இருந்தது. கீழே மூணடிச் சந்து. படி நேராக மேல்மாடியில் ஒரு சின்னக் கதவுக்குப் போகும். வேற எங்கேயும் போகாது. மேடத்துக்கு அதைப் பார்த்ததும் கொண்டாட்டம். அமெரிக்காவில் 1920லிருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்த காலத்தில் ரகசியக் கதவு வழியாப் போய்க் குடிப்பாங்களாம். அதே மாதிரி இந்தப் படி வழியா விருந்தாளிகளை ஏத்தி, சின்னக் கதவைத் தட்டி உள்ளே போகிற மாதிரி வைக்கலாம்னு ஸ்கெட்ச் போட்டாங்க.

ரகசியமா குடிச்ச கதை நம்ம ஊரில் இல்லையா என்ன? 1937இல் சேலத்தில் ஆரம்பிச்சு 1948இல் மாகாணம் பூரா வந்து 1971 வரைக்கும் இங்கேயும் மதுவிலக்குதான். பர்மிட் வெச்சிருந்தவன் சட்டப்படி குடிச்சான். எங்க தெருவில் போலீசு பானையை உடைச்சு ஆம்பளைகளை இழுத்துக்கிட்டுப் போச்சு. அந்த ரகசியத்தை வெச்சு யாரும் பார் டிசைன் பண்ணமாட்டாங்க.

ஆனால் நான் மேடத்துக்கிட்ட சொன்னது அது இல்லை. அந்தப் படி எதுக்குன்னு சொன்னேன். “மேடம், அது தோட்டிப் படி. மேலே இருக்கிற அந்த ரூம் எடுப்புக் கக்கூஸ். துரையும் துரைசானியும் இருக்கிற வீட்டுக்குள்ளே நடக்கக் கூடாதுன்னு வெளியே தனிப்படி. காலையில் எங்க ஆளு இந்தச் சந்து வழியா வந்து, ஏறி, சட்டியை எடுத்துக்கிட்டு, தலையில வெச்சு, இந்தச் சுழல்லயே இறங்குவாரு.” பழைய பங்களாக்கள் நிறைய இப்படித்தான் கட்டினது. மேடம் ரொம்ப நேரம் பேசலை. அவங்க கெட்டவங்க இல்லை. அவங்களுக்குக் கட்டடக்கலை சொல்லித் தந்த புத்தகத்தில் தூண் எத்தனை விதம்னு இருந்திருக்கும், இந்தப் படி இருந்திருக்காது. மறுநாள் அவங்களே கேட்டாங்க, “அப்போ என்ன செய்யலாம்?” இடிக்க வேண்டாம், விருந்தாளியை ஏத்தவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் இது என்னன்னு தமிழில் நாலு வரி எழுதி வையுங்கன்னு சொன்னேன். அவங்க ஒத்துக்கிட்டாங்க. ஓட்டல் ஒத்துக்கலை. “வர்றவங்க ரிலாக்ஸ் பண்ண வர்றாங்க” என்று பதில் வந்தது.

சரி, அதை விட்டுட்டேன். விட முடியாத ஒண்ணு இருந்தது.

பாரும் அதோட சேர்ந்த கிச்சனும் விடுகிற தண்ணியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதை அப்படியே பாதாள சாக்கடையில் விடக் கூடாது. நடுவில் கிரீஸ் டிராப்னு ஒரு தொட்டி வேணும். பிசுக்கு மேலே மிதக்கும், சகதி அடியில் தங்கும், தண்ணி மட்டும் போகும். வாரத்துக்கொரு தடவை அள்ளலைன்னா அழுகி வாயு கட்டிக்கும். வழக்கம்போல அந்தத் தொட்டியைப் பின்சந்தில் போடச் சொன்னாங்க. ஐந்தடி ஆழம், மேலே ஒரு மூடி. சந்து மூணடி அகலம், அறுபதடி நீளம், இரண்டு முடக்கு. உறிஞ்சுகிற லாரி உள்ளே வராது.

“ஓஸ் இழுத்துக்கலாமே” என்றார் ஓட்டல் என்ஜினியர். இழுக்கலாம். இரண்டு முடக்கு திரும்பி வருகிற ஓஸ் மேல் தண்ணியைத்தான் உறிஞ்சும். அடியில் கெட்டியானது அப்படியே நிற்கும். அப்போ யாராவது ஒருத்தன் “கொஞ்சம் எறங்கி கலக்கி விட்றேன் சார்” என்பான். அந்த ஒருத்தன் யாருன்னு எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா அப்படித்தான் தி.நகரில் ஒரு ஓட்டல் தொட்டியில் இறங்கினார். கலக்கினதும் வாயு கிளம்பியிருக்கு. அவரைத் தூக்கப் போன பையனும் போயிட்டான். அந்த மூடி இரண்டடிக்கு இரண்டடி. அதையும் யாரோ என்னை மாதிரி ஒருத்தன்தான் காகிதத்தில் சதுரமாப் போட்டிருப்பான்.

சாக்கடைச் சாவு பத்தின கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்கும்போது பலமுறை தமிழ்நாட்டின் பேர்தான் தலையில் நின்னிருக்கிறது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது.

நான் போட்ட வரைபடத்தில் தொட்டி முன்வாசலில் இருந்தது. கார் வந்து நிற்கிற போர்ட்டிகோவுக்குப் பக்கத்தில், லாரி நேராக வந்து மேலேயே நிற்கிற மாதிரி. ஆழம் மூணடிதான், அகலத்தைக் கூட்டிக்கிட்டேன். மூடியை முழு நீளத்துக்குத் திறக்கலாம், மேலேயிருந்தே கழுவலாம், ஆள் இறங்குவதற்கு வேலையே கிடையாது. கூட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, முன்ஹாலில் சாக்கடையைக் கொட்டின மாதிரி இருந்தது. “முன்னாடி போய் இதையா வைக்கிறது?” என்றார் ஒருத்தர். “விருந்தாளி வருகிற வழியில் சாக்கடை லாரியா?” என்றார் இன்னொருத்தர். மேனேஜர் சட்டம் தெரிஞ்சவர். சட்டத்தில் சாக்கடைன்னும் செப்டிக் டேங்குன்னும்தானே இருக்கு, கிரீஸ் டிராப்புன்னு இல்லையே என்றார். “வாயுவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்” என்றேன்.

மூணு வாரம் இழுத்தது. எங்க முதலாளி என்னைத் தனியாக் கூப்பிட்டு, “ஏம்பா, வேலையே கையை விட்டுப் போயிடும் போலிருக்கே” என்றார். என் கையெழுத்தோடு பின்சந்து வரைபடம் போகாது, வேற யாராவது போடட்டும்னு சொன்னேன். வேற யாரும் போட முன்வரலை. பின்பக்கம் போடுகிற ஆள் நான் ஒருத்தன்தானே. மேடம் என் பக்கம் நின்னாங்க, அதையும் சொல்லணும். கடைசியில் அந்த ஓட்டலின் வக்கீல் முப்பது லட்சத்தையும் போலீஸ் கேசையும் கணக்குப் போட்டுச் சொன்ன அன்னைக்குத்தான் சம்மதம் வந்தது. என் சித்தப்பாவுக்காக இல்லை.

அதுக்குப் பதிலா வேலையாட்கள் உடை மாத்துகிற ரூமில் இரண்டடியை ஒயின் வைக்கிற அலமாரிக்கு எடுத்துக்கிட்டாங்க. பெண் வேலையாட்களுக்குத் தனிக் கக்கூஸ் இருக்கணும்னு மட்டும் நான் அழிக்க விடலை. நாலடிக்கு ஐந்தடி. கதவு உள்பக்கமா திறந்தால் இடிக்கும், வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி போட்டேன்.

பார் திறந்து இப்போ நல்லா ஓடுது. சுழல் படிக்கு அடியிலிருந்து மஞ்சள் விளக்கு போட்டிருக்காங்க. ஏறக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்கு, அதன் முன்னால் நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. செவ்வாய்க்கிழமை விடியற்காலம் ஐந்து மணிக்கு லாரி போர்ட்டிகோவில் வந்து நிற்கும். இரண்டு பேர், கையுறையோடு, தரையில் நின்னுக்கிட்டே அரைமணியில் முடிச்சுட்டுப் போறாங்க. போன மாசம் மேனேஜர் போன் பண்ணினார். விமானத்துக்குக் கிளம்பின ஒரு வெளிநாட்டு விருந்தாளி லாரியைப் பார்த்து முகம் சுளிச்சாராம். “பின்பக்கமா வர்ற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா சார்?” என்று கேட்டார். சந்தின் அளவை எழுதி அனுப்பி வெச்சேன். மூணடி.